சஹனில் இரண்டு பேர்

வியாழக்கிழமை பவளப்பட்டினத்துக்குப் போகாதே என்று வேலையில் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டுக்காக ஊரே வயிற்றைக் கட்டிக்கொண்டு கிடக்கும் நாள் அது. வாசலில் நின்று பெயரைச் சொல்வதற்குள் கதவைச் சாத்திவிடுவார்கள். சனிக்கிழமையும் போகாதே என்றார்கள். முந்தின நாள் அளவு மீறித் தின்றதால் அன்று பாதி ஊருக்கு நாக்கு செத்திருக்கும். டீக்கடைக்காரர் வெந்நீரில் சாயம் கலந்து கொடுத்தால்கூட மடக் மடக்கென்று குடித்துவிட்டுப் போவார்கள்.

என் மேலாளர் எபநேசர் சார் என்னை வியாழக்கிழமை அனுப்பினார். அவர் அப்படித்தான். எச்சரிக்கையும் அவரே கொடுப்பார், அந்தக் கிழமையிலேயே பஸ்ஸும் ஏற்றிவிடுவார்.

எங்கள் கம்பெனி விற்பது இரண்டே பொருள். ஒன்று தகடு. தட்டுக்கு அடியில் ஒட்டிக்கொள்ளும். தட்டில் என்ன இருக்கிறது, எவ்வளவு குறைகிறது என்று பார்த்துக் கலோரி போடும். இன்னொன்று மணி. கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் மிளகு அளவில் பொருத்தியிருப்போம். வாரத்துக்கு உரிய கலோரி தீர்ந்ததும் மணி நாக்கை அடைத்துவிடும். அதற்குப் பிறகு அல்வாவும் அட்டையும் ஒன்றுதான். மீறித் தின்றது தீரும்வரை ருசி திரும்பாது.

நாள் கணக்காக இருந்தபோது இது ஓடவில்லை. ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்தால் அன்றைய கணக்கு நாசமாகும். மனுஷன் வெறுத்துப்போய் மறுநாளே எல்லாவற்றையும் விட்டுவிடுவான். வாரக் கணக்கு வந்த பிறகுதான் சூடு பிடித்தது. நாலு நாள் அரைவயிறு, ஒரு நாள் விருந்து, வெள்ளி ராத்திரி வாரம் முடியும்போது மொத்தம் சரியாக இருந்தால் போதும். ஆஸ்பத்திரிகளும் இன்சூரன்ஸ்காரர்களும் மணி இல்லாதவர்களை உள்ளேயே விடுவதில்லை. கம்பெனியில் வேலை பார்க்கிறவர்களுக்கும் மணி கட்டாயம். எனக்கும் உண்டு. வியாழன் என்றால் எனக்கும் கோபம் வரும்.

அன்றைய புகார் மூசா நெய்னா வீட்டிலிருந்து. அவருக்கு இருதய வால்வு மாற்ற வேண்டும். உடம்பு இறங்காமல் மயக்க மருந்து கொடுக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இறங்காவிட்டால் வால்வு அதிக காலம் தாங்காது என்பதையும் சொல்லிவிட்டார். மூசா நெய்னாவின் வாரக் கணக்கு ஒவ்வொரு வாரமும் அச்சில் வார்த்த மாதிரி சரியாக இருக்கிறது. உடம்பு மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. ஆள் திருட்டுத்தனமாகத் தின்கிறார் என்பது ஆஸ்பத்திரியின் கட்சி. தகடு பழுது என்பது வீட்டாரின் கட்சி.

கதவைத் திறந்தது அவர் மனைவி ஜுலைஹா. வியாழக்கிழமையிலும் சிரித்தார். அவர் மணி போட்டுக்கொள்ளாதவர் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

"தகடு பாக்க வந்த புள்ளயா? வாங்கோ, உள்ள வாங்கோ. பேரு என்னா?"

"இசக்கிம்மா."

"வெயில்ல வந்தீக்கிறீங்களே இசக்கி. மொதல்ல தண்ணி குடிங்கோ."

மூசா நெய்னா முன்னறையில் நாற்காலியை நிறைத்து உட்கார்ந்திருந்தார். ஒரு வாக்கியம் பேச இரண்டு மூச்சு வாங்கினார்.

"நான் திருட்டுத்தனமா திங்கிறேனாம்மா. டாக்டர் சொல்றாஹ. இவ முறுக்கு டின்னுக்குப் பூட்டுப் போட்டு ஈக்கிறா. பேரன் பேத்தி எடுத்த வயசுல எனக்கு முறுக்குத் திருடன்னு பேரு."

"சாவிய எங்க வைக்கிய, அம்மா?" என்று கேட்டேன். விசாரணை என்றால் எல்லாவற்றையும் கேட்க வேண்டும்.

"எங்கிட்டயே இல்ல. எங்க காக்காட்ட குடுத்துட்டேன். நான் எரக்கப்பட்டுத் தொறந்து குடுத்துடுவேனே."

ஜுலைஹாவின் காக்கா, அதாவது அண்ணன், பகல் தொழுகை முடிந்து உள்ளே வந்தபோது எனக்கு அறிமுகமே தேவைப்படவில்லை. பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். எங்கள் கம்பெனி விளம்பரத்தில் ஆள் உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தார் உவைஸ் லெப்பை. பழைய சட்டையைப் போட வைத்து, கழுத்துப் பட்டிக்குள் இரண்டு விரல் விட்டுக் காட்டச் சொல்லிப் படம் எடுத்திருந்தார்கள். 'வாரத்தைக் கட்டினேன், வயிற்றை வென்றேன்' என்று கீழே எழுதியிருந்தது. ஊரில் பாதிப் பேர் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் எங்களிடம் சேர்ந்தார்கள்.

"படத்துல பாத்ததுக்கு இன்னும் இளைச்சிருக்கிய, பாய்" என்றேன். கம்பெனி ஆள் என்ற முறையில் பாராட்ட வேண்டியது என் கடமை.

"எல்லாம் உங்க தகடு புண்ணியம்மா" என்று சிரித்தார்.

மனைவி இறந்த பிறகு உவைஸுக்குப் பகல் சாப்பாடு தங்கை வீட்டில்தான். மச்சினர்கள் இருவரும் ஒரே சஹனில் சாப்பிடுவார்கள். சஹன் என்றால் பெரிய வட்டத் தட்டு. அந்த ஊரில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு சஹனில் கை வைப்பதுதான் சாப்பாடு; தனித்தட்டில் தின்பது நோயாளியும் கோபக்காரனும். பவளப்பட்டினத்தில் கடை விரித்த புதிதில் எங்கள் தகடு யாருக்கு எவ்வளவு என்று தெரியாமல் திணறியது. பிறகு கம்பெனி ஒரு வழி கண்டது. சாப்பிடும் இருவரின் பெயரையும் தட்டிவிட்டால் குறைவதை இரண்டாக வகுத்து ஆளுக்குப் பாதி எழுதிவிடும். இதைச் சோதித்துப் பார்க்கக் கோயம்புத்தூரில் இரண்டு இன்ஜினியர்களை ஒரு தட்டில் சாப்பிட வைத்தார்களாம். அவர்கள் நடுவில் கோடு போட்டுச் சாப்பிட்டார்களாம். சோதனை வெற்றி.

தகட்டின் மேல் சர்க்கரைப் பொட்டலம் வைத்தேன், படி அரிசி வைத்தேன். எல்லாம் சரியாகக் காட்டியது. ஆண்கள் முன்னறையில் சாப்பிட உட்கார்ந்ததும் ஜுலைஹா என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனார். எங்கள் இருவருக்கும் ஒரு சின்ன சஹன். கைவசம் இருந்த இன்னொரு தகட்டை அடியில் ஒட்டி, என் பெயரையும் 'விருந்தாளி' என்பதையும் தட்டினேன். வாரக் கடைசி, என் கணக்கில் அரைவயிற்றுக்குத்தான் இடம் இருந்தது. அரைவயிற்றோடு எழுந்துவிடுவது என்று உட்கார்ந்தேன்.

நெய்ச்சோறு. கத்தரிக்காய். மட்டன். ஒரு கறித்துண்டு ஜுலைஹா பக்கத்திலிருந்து நகர்ந்து என் பக்கம் வந்தது. அவர் என்னைப் பார்க்கவே இல்லை. திருப்பித் தள்ளினேன். கொஞ்ச நேரத்தில் அது இன்னொரு துண்டையும் கூட்டிக்கொண்டு வந்தது.

"நீங்க சாப்பிடவே இல்லியே, அம்மா?"

"சாப்புடும்போது மத்தவங்க கையப் பாக்கக் கூடாதும்மா. அது மொறையில்ல. நீங்க சாப்புடுங்கோ."

அதற்குப் பிறகு நானும் பார்க்கவில்லை. சஹன் வழித்த மாதிரி காலியானபோதுதான் எனக்கு உறைத்தது. இவ்வளவு தின்றதற்கு என் நாக்கு எப்போதோ அடைத்திருக்க வேண்டும். அடைக்கவில்லை. கடைசி வாய்வரை ஏலக்காய் மணத்தது. நான் தின்றதில் பாதியை விருந்தாளி தலையில் எழுதிவிட்டுத் தகடு நிம்மதியாக இருந்தது.

கோயம்புத்தூர் சோதனையில் மரியாதையைச் சேர்க்கவில்லை. அதுதான் பழுது.

முன்னறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். "பாய், சஹன்ல அடுத்தவருக்குக் கறிய நகத்தி வைக்கது உங்க ஊர் வழக்கம். உவைஸ் பாய் நகத்தி வைக்கத எல்லாம் நீங்க சாப்பிடுதிய. தகடு ஆளுக்குப் பாதின்னு எழுதுது. அதான் அவருக்குக் கணக்குல இருக்கது ஒடம்புல இல்ல, உங்களுக்கு ஒடம்புல இருக்கது கணக்குல இல்ல. கொஞ்ச நாளைக்கு ஆளுக்கொரு தட்டுல சாப்பிட்டா சரியாப் போவும்."

மூசா நெய்னாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"தனித்தட்டா? நாங்க என்ன சண்டையா போட்டோம்? நாளக்கி வெள்ளிக்கெழம. களறிச் சோறு. அன்னைக்குப் போயி தனித்தட்டா? ஊர்ல என்னா பேசுவாஹ?"

களறி என்பது அந்த ஊரின் விருந்துச் சாப்பாடு. அதை ஒரு மனிதன் தனியாகச் சாப்பிட்டால் வீட்டில் ஏதோ பிரச்சினை என்று அர்த்தம்.

உவைஸ் மெதுவாகச் சொன்னார். "தனித்தட்டெல்லாம் எதுக்கு? நான் வேணா கொஞ்ச நாளு எங்க வூட்டுலயே சாப்புட்டுக்கிறேன்."

"நீ வரலேன்னா நானும் சாப்புடல."

இரண்டு பேரும் பிடித்த பிடியில் நின்றார்கள். ஜுலைஹா உள்ளேயிருந்து இரண்டு தட்டை எடுத்து வந்து தரையில் வைத்தார். வைத்த சத்தம் தெருவரை கேட்டிருக்கும்.

"ஆபரேசன் முடியட்டும். அதுக்கப்பறம் ரெண்டு பேரும் ஒரே வாளியில வேணாலும் தின்னுங்கோ. நாளக்கி இதுலதான்."

பழுதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் அன்றிரவு லாட்ஜில் நன்றாகத் தூங்கினேன். எபநேசர் சாரிடம் சொல்லிச் சம்பள உயர்வு கேட்கலாம் என்றுகூட நினைத்தேன்.

மறுநாள் ஜும்ஆ தொழுகை முடிந்து இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு தட்டு, ஆளுக்கொரு தகடு. நான் நிலைப்படியில் நின்று போனில் இருவரின் கலோரி எண்ணையும் பார்த்துக்கொண்டிருந்தேன். மூசா நெய்னாவின் எண் ஓடியது. உவைஸின் எண் அசையவில்லை. தகடு சிக்கிக்கொண்டது என்று நினைத்துத் தட்டித் தட்டிப் பார்த்தேன்.

உவைஸின் கை என்னவோ சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தது. சோற்றைப் பிசைந்தது, உருட்டியது, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் கொண்டு போனது. ஒரு கறித்துண்டை எடுத்துப் பழக்கதோஷத்தில் எதிர்ப்பக்கம் தள்ளியது. அங்கே சஹன் இல்லை. துண்டு தட்டின் விளிம்பைத் தாண்டிப் பாயில் விழுந்தது.

மூசா நெய்னா நிமிர்ந்தார். இத்தனை வருஷத்தில் சாப்பாட்டில் மச்சானின் கையைப் பார்க்காத மனிதர் முதல் தடவையாகப் பார்த்தார். பிறகு தட்டைப் பார்த்தார். தட்டு வைத்தது வைத்தபடி இருந்தது.

"மச்சான். என்னா இது?"

உவைஸ் பாயில் விழுந்த துண்டை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"மச்சான், உன்னத்தான்."

"எறங்க மாட்டேங்குது" என்றார் உவைஸ். தொண்டைக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினார். "இங்க நின்னுக்கிது. கஞ்சி மட்டும் கொஞ்சம் போவுது."

"எப்பயிருந்து?"

"நோம்புக்கு முந்தியே."

அந்தச் சுவரொட்டி என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. கழுத்துப் பட்டிக்குள் இரண்டு விரல். அந்த மனிதர் இழந்த ஒவ்வொரு கிலோவுக்கும் எங்கள் கம்பெனி வாழ்த்து அனுப்பியிருந்தது. ஊர்ச் சங்கத்துக் கட்டடத்தில் மேடை போட்டுப் பொன்னாடை போர்த்தியிருந்தது. நானும் நேற்று பாராட்டியிருந்தேன். எனக்கு அவமானமாக இருந்தது, அதைவிடக் கோபமாக இருந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"சொல்லியிருக்கலாமே காக்கா" என்றார் ஜுலைஹா.

"இவனுக்கு ஆபரேசன் முடியட்டும்னு பாத்தேன். சொன்னா இவன் அத உட்டுட்டு என்னத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைவான். ஒரு வூட்டுக்கு ஒரு நோயாளி போதும்."

"அதுக்காவ உன் சோத்தயும் சேத்து எனக்குத் தள்ளினியா? அதத் தின்னு தின்னுதானே நான் இப்புடி ஊதிப்போயிக் கெடக்கேன்? அதனாலதானே ஆபரேசனே தள்ளிப்போவுது?"

உவைஸ் யோசித்தார். இந்தக் கோணத்தில் அவர் பார்த்ததே இல்லை என்று முகத்தில் தெரிந்தது.

"சஹன்ல மிச்சம் வந்தா தங்கச்சி கேப்பாளே" என்றார்.

அன்றே காரில் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போனார்கள். உணவுக்குழாயில் கட்டி. டாக்டர் நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை. இவ்வளவு இளைத்தும் யாருக்கும் சந்தேகம் வரவில்லையா என்று மட்டும் கேட்டாராம்.

நான் ஆபீஸில் போய் அதையே கேட்டேன்.

எபநேசர் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எடை எறங்கினா வாழ்த்துச் சொல்லு. அவ்வளவுதான் புரோகிராம்ல எழுதியிருக்கு, இசக்கி. ஏன் எறங்குதுன்னு கேக்கதுக்கு யாரும் எழுதல."

"கேக்க எழுதுங்க சார்."

"எழுதலாம். ஒவ்வொருத்தர் எடை எறங்கும்போதும் உங்களுக்கு நோயான்னு கேட்டா யாரு சேருவா?"

"அந்தப் படத்தையாவது எடுக்கச் சொல்லுங்க."

"அது நல்லாப் போயிட்டிருக்கே" என்றார் பாவமாக.

பஸ் ஸ்டாண்டில் இருந்த படம் காற்றில் கிழிந்துவிட்டதாக அடுத்த வாரம் எழுதிக் கொடுத்தேன். அன்றைக்குக் காற்றே இல்லை. ஒரு குடம் தண்ணீரும் ஒரு கரண்டியும் போதுமானதாக இருந்தது.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பே உவைஸ் லெப்பை மௌத்தானார். நானும் போயிருந்தேன். பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தபோது ஒரு அம்மாள் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது காதில் விழுந்தது. "நல்லா எட கொறச்சு, எளந்தாரி மாதிரில்லா இருந்தாஹ. திடீர்னு என்னா வந்துச்சோ." எனக்கு எழுந்து கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. அந்த அம்மாளும் எங்கள் வாடிக்கையாளர்.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குப் போக எனக்குத் தைரியம் வரவில்லை. நான் போகாமல் இருந்திருந்தால் அந்த இரண்டு பேரும் கடைசிவரை ஒரே சஹனில் சாப்பிட்டிருப்பார்கள் என்று ஒரு பக்கம் தோன்றும். மூசா நெய்னாவின் வால்வு என்ன ஆகியிருக்கும் என்று மறுபக்கம் தோன்றும். இரண்டையும் நினைத்துக்கொண்டு மற்ற ஊர்களில் தகடு மாட்டிக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச காலம் கழித்து எபநேசர் சார் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"பவளப்பட்டினத்துல ஒரு சிக்கல். செத்தவரு சாப்பிடுதாரு."

"யாரு சார்?"

"உவைஸ் லெப்பை. தெனம் மத்தியானம். வெள்ளிக்கெழம கூடுதலா. தகடு கெட்டுப்போச்சு போல. போயிப் பாத்துட்டு, அவரு கணக்க மூடிட்டு வா."

இந்தத் தடவையும் வியாழக்கிழமை. ஜுலைஹா கதவைத் திறந்தார். கொஞ்சம் சதை போட்டிருந்தார், நன்றாக இருந்தது. முன்னறையில் மூசா நெய்னா உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றி நாற்காலியில் இடம் இருந்தது. ஒரே மூச்சில் பேசினார்.

"ஆபரேசனுக்குத் தேதி குடுத்துட்டாஹம்மா. ஒடம்பு எறங்கிருச்சு. டாக்டர் எங்கிட்ட மன்னிப்புக் கேட்டாஹ, முறுக்குத் திருடன்னு சொன்னதுக்கு."

பகல் சாப்பாடு வந்தது. பழைய பெரிய சஹன். ஜுலைஹா பாயின் நடுவில் வைத்தார். மூசா நெய்னா தகட்டில் தன் பெயரைத் தட்டினார். பிறகு இன்னொரு பெயரையும் தட்டினார். நான் பார்ப்பது தெரிந்தும் மறைக்கவில்லை.

தன் பக்கத்துச் சோற்றைச் சாப்பிட்டார். எதிர்ப்பக்கத்தில் விரல் படவில்லை. ஒரு கறித்துண்டு கைக்கு வந்தபோது ஒரு நொடி யோசித்துவிட்டு அந்தப் பக்கம் தள்ளி வைத்தார். முடித்ததும் கையைக் கழுவிக்கொண்டு நாற்காலிக்குப் போய்விட்டார். சஹனில் சரியாகப் பாதி மிச்சம் இருந்தது. அவர் பக்கம் வழித்த மாதிரி சுத்தம், எதிர்ப்பக்கம் வைத்தபடி.

இதில் பழுது எங்கே இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. பாதிதான் குறைந்திருக்கிறது. போனில் உவைஸின் எண் அரைகுறையாக நின்றது. எபநேசர் சார் சொன்ன அளவுக்கு அது ஏறவே இல்லை.

ஜுலைஹா சஹனைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார். தகடு அடியில் ஒட்டியபடியே போனது. கழுவப் போகிறார் என்று நினைத்துத் தகட்டைக் கழற்றப் பின்னால் போனேன். அவர் கழுவவில்லை. அடுப்புமேடைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அண்ணன் பக்கத்துச் சோற்றில் கை வைத்தார்.

என் போனில் எண் மறுபடி ஓடத் தொடங்கியது.

"வீணாக்கக் கூடாதுல்ல" என்றார் என்னைப் பார்க்காமல். "மொத நாளு எங்க வூட்டுக்காரஹ மிச்சம் வச்சப்ப கொட்ட மனசு வரல. அவஹளும் ஒண்ணும் சொல்லல. இப்புடியே பழகிட்டுது. இவ்வளவு நாளும் எல்லாரும் சாப்புட்டப்பறம் சட்டியில ஒட்டிக்கிட்டு ஈக்கிறதத்தான் வழிச்சுத் தின்னேன். இப்பதான் ஒரு ஆளு சோறு திங்கிறேன்."

அந்தத் தள்ளி வைத்த கறித்துண்டு அவர் கையில் இருந்தது. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அடுத்தவர் கையைப் பார்ப்பது முறையில்லை.

பஸ் ஸ்டாண்டிலிருந்து எபநேசர் சாரைக் கூப்பிட்டேன்.

"தகடு பழுதா, இசக்கி?"

"இல்ல சார். அந்த வீட்டுத் தகடு இப்பதான் மொத மொறையா சரியா வகுக்கு. ரெண்டு பேரு, ஆளுக்குப் பாதி."

"செத்தவரு கணக்கு?"

"அது அப்படியே இருக்கட்டும் சார்" என்றேன். "அவரு பங்குதான் சார் போவுது."